மொழி மாறும் இடங்களில் நிற்கும் காசு

இலங்கை மலையகத்தில், ஹற்றன் கடைத்தெருவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் புடவைக்கடை இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு தங்கச்சிதான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். போன தைப்பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சேலத்துக்குப் பக்கத்து இளம்பிள்ளையில் இருக்கும் ஒரு தறிக்காரருக்கு அவள் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பிக்கொண்டிருந்தாள். “அண்ணா, போன தடவ வந்த மாம்பழக் கலர் நல்லாப் போச்சு. அதே மாதிரி பன்னண்டு வேணும். ஆனா கரை கொஞ்சம் சின்னதா இருக்கட்டும். எங்க ஆளுங்க கோயிலுக்குத்தான் கட்டுவாங்க, கல்யாணத்துக்கு இல்ல.” அரை நிமிடத்தில் பதில் வந்தது. “சரிங்க தங்கச்சி, கோயிலுக்குக் கட்டறதுன்னா ஜரிகையையும் கொறச்சிடறேன். வெலையும் கொஞ்சம் எறங்கும்.”

அவ்வளவுதான். இரண்டு நாடுகளுக்கு இடையில் ஒரு வியாபாரம் பேசி முடிந்துவிட்டது. மாதிரித் துணி வரவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை, நடுவில் மொழிபெயர்க்க யாரும் இல்லை. கோயிலுக்குக் கட்டும் சேலை என்று சொன்னதும் கரையின் அகலம், ஜரிகையின் அளவு, விலை எல்லாம் அந்தப் பக்கம் விளங்கிவிட்டது.

அங்கிருந்து நாலு கடை தள்ளி ஒரு பலசரக்குக் கடை. வாசலில் மைசூர்ப் பருப்பு மூட்டை. பேரில்தான் மைசூர் இருக்கிறது. பருப்பு வருவது கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும். அங்கே அதை விளைவிக்கும் விவசாயிக்குத் தமிழ் தெரியாது, நம் ஊரில் அதைக் கடைந்து சோற்றில் ஊற்றுகிற அம்மாவுக்குக் கனடாவைப் பற்றி ஒன்றும் தெரியவேண்டியதில்லை. தரம் இன்னது, தொன் இவ்வளவு என்றால் போதும், கப்பல் வந்துவிடும்.

சேலைக்கும் பருப்புக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், மொழியும் பண்பாட்டு உறவும் நாடுகளுக்கு இடையிலான வணிகத்தில் என்ன செய்கின்றன என்பதில் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி விளங்க, மலையகத்தின் கதையையே கொஞ்சம் பார்க்கவேண்டும்.

முதலில் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது. நெதர்லாந்துப் பொருளியலாளர் யான் டின்பர்கன் 1962 இல் ஒரு கணக்கை முன்வைத்தார். இரண்டு நாடுகளுக்கு இடையில் எவ்வளவு வணிகம் நடக்கும் என்பதை அவற்றின் பொருளாதாரத்தின் பருமனும் இடையிலுள்ள தூரமும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. பெரியவை ஒன்றையொன்று இழுக்கும், தூரம் கூடினால் இழுவை குறையும். நியூட்டனின் விதியைப் போல இருப்பதால் இதை ஈர்ப்பு மாதிரி என்பார்கள். அறுபது ஆண்டுகளாக இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தி வருகிறது. ஆனால் சில சோடி நாடுகள் கணக்குச் சொல்வதைவிட அதிகமாக வணிகம் செய்கின்றன. ஏன் என்று தேடிப் போனவர்கள் கண்டது, பொதுவான மொழி, ஒரே ஆட்சியின் கீழ் இருந்த பழைய தொடர்பு, மதம், இங்கிருந்து அங்கே குடிபோன மக்கள் போன்றவற்றை. இதைப் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டி 2012 இல் பீட்டர் எகரும் அன்ட்ரியா லாஸ்மனும் பார்த்தார்கள். பொதுமொழி உள்ள நாடுகளுக்கு இடையே வணிகம் சராசரியாக 44 சதவீதம் அதிகம் என்று வந்தது.

அதற்குக் காரணம் மொழிதானா, மொழியோடு சேர்ந்துவரும் வேறு ஏதாவதா? நியாயமான கேள்வி. அதே இருவரும் 2015 இல் சுவிட்சர்லாந்தை எடுத்துக்கொண்டார்கள். ஒரே நாடு, ஒரே நாணயம். ஆனால் உள்ளே ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஜெர்மன், அந்தப் பக்கம் பிரெஞ்சு. கோட்டை ஒட்டி வாழ்கிறவர்கள்கூட, தங்கள் தாய்மொழி பேசும் அண்டை நாட்டிலிருந்துதான் அதிகம் இறக்குமதி செய்கிறார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. தாய்மொழி ஒன்றாக இருப்பதால் ஒவ்வொரு வியாபாரமும் பெரிதாகிவிடுவதில்லை. வியாபாரங்களின் எண்ணிக்கையும் பொருள்களின் வகையும்தான் கூடுகின்றன. அதாவது, பன்னிரண்டு சேலை கேட்கிற சின்னக் கடைக்காரியும் உள்ளே வரமுடிகிறது. பெரிய கம்பனிக்கு மொழி தெரியாவிட்டால் ஆள் வைத்துக்கொள்ளும். எங்கள் கடைக்கு அது முடியுமா?

சேலை, பருப்பு விஷயத்துக்கும் ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜேம்ஸ் ரவுச் பொருள்களை வகை பிரித்தார். சந்தையில் பொதுவான விலை உள்ளவை ஒரு பக்கம். பேசிப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டிய, ஒன்றைப்போல் மற்றது இல்லாத சரக்குகள் மறுபக்கம். அவரும் விட்டோர் டிரின்டாடேயும் சேர்ந்து 2002 இல் வெளியிட்ட ஆய்வு, பல நாடுகளில் வாழும் சீன வம்சாவளியினரின் தொடர்புகளைப் பற்றியது. தென்கிழக்காசியாவில் இருப்பதுபோலச் சீனர்கள் கணிசமாக வாழும் நாடுகளுக்கு இடையில், இரண்டாவது வகைச் சரக்கின் வணிகம் ஏறக்குறைய 60 சதவீதம் கூடியிருந்தது. பொது விலை உள்ள சரக்கில் அவ்வளவு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1975 இல் வியட்நாமிலிருந்து ஓடிவந்த அகதிகளை அமெரிக்க அரசு பல மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பியது. எங்கே போவது என்பதை அவர்கள் வணிகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவில்லை, அப்போது வணிகத்துக்கே தடை. 1994 இல் தடை நீங்கியதும், எந்த மாநிலங்களில் வியட்நாமியர் அதிகம் இருந்தார்களோ அங்கிருந்துதான் வியட்நாமுக்கு ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது. உயிருக்குப் பயந்து வந்த ஏழைகள் இருபது ஆண்டுகளில் வணிகப் பாலமாகிவிட்டார்கள். மலையகத்தில் பிறந்த ஒருவருக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ செய்யும். நாங்களும் கடல் கடந்து வந்தவர்கள்தான். எங்களை வைத்தும் பெரிய வணிகம் வளர்ந்தது. பாலத்தின் மேல் போன சரக்கில் எங்கள் பங்கு என்ன என்பதுதான் வேறு கதை.

மலையகத்துக்கு முதலில் வந்த வெளிநாட்டு முதலீடே மொழியையும் ஊர்ப் பற்றையும் பிடித்துக்கொண்டு வந்ததுதான். ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். 1852 இல் பதினாறு, பதினேழு வயதில் கோப்பித் தோட்ட வேலைக்கு வந்தார். 1867 இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் அவர்தான். 1869 இல் கோப்பி இலையில் நோய் கண்டு, பிறகு கோப்பியே அழிந்தபோது, அந்தத் தேயிலைதான் கைகொடுத்தது. 1890 இல் வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். வரைபடத்தைப் பாருங்கள்: பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், தலவாக்கலையில் ஹோலிரூட், மஸ்கெலியாப் பக்கம் ஸ்ட்ரத்ஸ்பே. எல்லாம் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். அண்ணன் வந்தால் தம்பிக்குக் கடிதம் போடுவார், தம்பி பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிவருவார். முகம் தெரியாத மலையில் பணத்தைப் போட லண்டனிலும் எடின்பரோவிலும் இருந்தவர்கள் துணிந்ததற்கு, அங்கே நம் ஊர்ப் பையன் இருக்கிறான் என்ற நம்பிக்கையும் ஒரு காரணம்.

சரி, துரைக்குப் பணம் வந்துவிட்டது. ஆனால் தோட்டம் நடக்க அரிசி வேண்டும், சம்பளத்துக்குச் சில்லறை வேண்டும், ஆள் கூட்டிவர முன்பணம் வேண்டும். தோட்டத்துக்கு ஆள் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணிக்கு ஆங்கிலேய வங்கி கடன் கொடுக்காது. அவனை அதற்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நின்றார்கள். கொழும்பு செட்டியார் தெருவில் கிட்டங்கி என்ற வியாபாரக் கூடம் வைத்து, வங்கியிடம் வாங்கி, வங்கி தொடாத இடத்தில் கொடுத்தார்கள். செட்டிநாட்டிலிருந்து அனுப்பப்படும் மேலாள் சில ஆண்டு இங்கே கணக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவார். பர்மாவில் அவர்களுக்கு இருந்த தொடர்பால் அங்கிருந்து அரிசி வரும். பணத்துக்குப் பதிலாகக் கைமாறிய உண்டியல் ஒரு துண்டுக் காகிதம்தான். அதை ரங்கூனிலும் கொழும்பிலும் காரைக்குடியிலும் மதித்தார்கள். ஏமாற்றினால் கோயிலில் முகம் கொடுக்கமுடியாது, பெண் கிடைக்காது. நீதிமன்றம் செய்யவேண்டிய வேலையைக் குலமும் கோயிலும் செய்தன. கதிரேசன் கோயில்களும் ஆடிவேலும் அவர்கள் பக்திக்கு மட்டுமல்ல, வணிக நாணயத்துக்கும் சாட்சியாக இருந்தன. 1925 இல் ஒரு செட்டியார் நிறுவனம் முறிந்ததை அடுத்து ஆங்கிலேய வங்கிகள் கடனைச் சுருக்கிக்கொண்டபோதுதான், இந்த நாட்டு வியாபாரம் அவர்களை எவ்வளவு நம்பியிருந்தது என்று தெரிந்தது. 1934 இல் வங்கி ஆணைக்குழு, 1939 இல் இலங்கை வங்கி எல்லாம் அதன் பிறகு வந்தவை.

மூன்றாவது ஆள் கங்காணி. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களுக்குப் போய், தன் சாதி சனத்திடம் தன் மொழியில் பேசி ஆள் கூட்டிவந்தவர். பொருளியல் ஆய்வுகளில் பொதுமொழி நம்பிக்கையை வளர்க்கும், செலவைக் குறைக்கும் என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கங்காணிதான் நினைவுக்கு வருகிறார். செலவு குறைந்தது உண்மை. யாருக்குக் குறைந்தது? வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளியின் பேரில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அந்தக் கடன் தொகையை எழுதிய துண்டும் கூடவே போகும். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். துண்டு முறை 1921 இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. நம் பாஷை பேசுகிறான், மாமன் முறை வேண்டும் என்று நம்பித்தான் மக்கள் மன்னார்க் காட்டு வழியில் நடந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு ஒரு விலை இருந்தது. அது அவர்கள் கைக்கு வரவில்லை.

இந்த மூவரையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். ஸ்கொட்லாந்துக்காரரின் மொழி லண்டனில் முடிகிறது, கங்காணியின் மொழி திருச்சிக் கிராமத்தில் முடிகிறது. ஒரு மொழி நின்று அடுத்த மொழி தொடங்கும் இடங்களில்தான் செட்டியாரும் பெரிய கங்காணியும் நின்றார்கள். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவருக்குத்தான் இடையில் மிஞ்சுகிற காசு கிடைத்தது. ஒரே மொழிக்குள் இருந்துவிட்ட கொழுந்துக்காரிக்கு அன்றைய பேர், அதாவது ஒருநாள் கூலி, மட்டும் கிடைத்தது. மொழி வணிகத்தைக் கூட்டுகிறது என்று ஆய்வுகள் சொல்வதை நான் முழுதாக ஏற்கிறேன். கூடிய வணிகம் யார் மடியில் விழுகிறது என்பதையும் மொழிதான் தீர்மானிக்கிறது என்று சேர்த்துச் சொல்லவேண்டும்.

இன்றைய தேயிலையைப் பின்தொடர்ந்தால் இது இன்னும் கிட்டத்தில் தெரியும். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு. அது ஆங்கிலப் பெரேட் தமிழாக மாறிய சொல். மலையில் கொழுந்து எடுப்பது, மடுவத்தில் நிறுப்பது எல்லாம் தமிழில். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நிற்கும் பெண் தராசு முள்ளைப் பார்த்து, “அது என்னா ரெண்டு கிலோ கொறைக்கிறீங்க?” என்று கேட்பதும் தமிழில்தான். ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போனதும் சிங்களமும் தமிழும் கலக்கும், இலையின் தரங்களுக்குப் பெயர் ஆங்கிலத்தில். அந்தப் பெயர்களில் வரும் பெக்கோ சீனச் சொல். தளிரின் வெள்ளைப் பூனைமயிரைக் குறிக்கிறது. கொழும்பில் சுவைபார்ப்பவர் ஒரு மிடறு உறிஞ்சித் துப்பிவிட்டு நிறத்தையும் வீச்சையும் உறைப்பையும் சொல்வது முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு தோட்டத்தின் ஒவ்வொரு தொகுதியும் தனித்தனிச் சரக்கு. பருப்பு மாதிரி இல்லை, சேலை மாதிரி. பேசித்தான் விற்கவேண்டும். அந்தப் பேச்சு நடப்பது எங்கள் மொழியில் இல்லை.

பேச்சு எந்த ஊரில் நடக்கிறது என்பதும் காசுதான். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 ஆம் திகதி நடந்தது. அதற்குப் பிறகும் லண்டன் ஏலம் நீண்ட காலம் பெரிய இடமாக இருந்தது. 1998 இல் அது மூடப்பட்டது. ஏலம் நடக்கும் ஊரில் தரகர், சுவைபார்ப்பவர், கலப்பவர், காப்புறுதிக்காரர், வங்கி எல்லாருக்கும் வேலை உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், கொழும்பு ஏலம் இணையத்துக்கு மாறியது. இப்போது எங்கிருந்தும் பார்க்கலாம். மலையகத்திலிருந்து எத்தனை பேர் பார்க்கிறோம்?

தேயிலை யார் வாயில் போய்ச் சேர்கிறது என்பது அடுத்த கேள்வி. தமிழில் தேயிலை என்பதில் உள்ள ‘தே’ தென்சீனக் கடற்கரைச் சொல், டச்சுக் கப்பல்களில் உலகம் சுற்றியது. தரைவழியாகப் போன சொல் வேறு. ரஷ்யர் சாய் என்கிறார்கள், துருக்கியர் சாய் என்கிறார்கள், ஈரானியர் சாய், அரபுக்காரர் ஷாய். இலங்கைத் தேயிலையைப் பெரும்பங்கு வாங்குவது இந்த ‘சாய்’ நாடுகள்தான்: ஈராக், ரஷ்யா, துருக்கி, ஈரான், லிபியா, ஐக்கிய அரபு அமீரகம். பாலில்லாத தேநீருக்கு நாம் சொல்லும் சாயத்தண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் காதுக்கு ஒன்றாக ஒலிப்பதில் எனக்கொரு சந்தோஷம்.

இந்த நாடுகளோடு நமக்கு மொழி ஒன்றா? இல்லை. மதமும் பெரும்பாலும் வேறு. ஆனால் குடிக்கும் பழக்கம் பொருந்துகிறது. அவர்கள் பால் இல்லாமல், கெட்டியாகக் காய்ச்சி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி நிறம் பார்த்துக் குடிக்கிறார்கள். அதற்கு முறுக்கிய முழு இலை வேண்டும். இலங்கைத் தேயிலையில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தப் பழைய முறையில்தான் தயாராகிறது. ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் நொறுக்கி உருட்டிய மணித்தேயிலைதான் பெரும்பகுதி. அது பாலோடு சேரும். பண்பாட்டுத் தொடர்பு என்றால் மொழி, மதம் என்று மட்டும் நினைத்துவிடுகிறோம். நாக்கின் பழக்கமும் அதில் சேர்த்திதான். ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: மத்திய கிழக்குக்குப் போவதில் பெரும்பகுதி சபரகமுவவிலும் தெற்கிலும் விளையும் தாழ்நிலத் தேயிலை. அங்கே இலை கறுத்து, சாயம் கெட்டியாக வரும். நுவரெலியா, திம்புள்ள, ஊவா உயர்நிலத் தேயிலை மெல்லிய நிறம், மணம் அதிகம். அதைத் தேடுகிறவர்கள் வேறு. ஊவாவின் வாசத்துக்கு ஜப்பானில் தனி மதிப்பு.

பழக்கம் எவ்வளவு உறுதியான கயிறு என்பதற்கு ஈரான் ஒரு சாட்சி. 2012 இல் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 25 கோடி டொலருக்கு மேல் கொடுக்கவேண்டியிருந்தது. தடைகளால் டொலரில் கொடுக்கமுடியவில்லை. 2021 டிசம்பரில் இரண்டு நாடுகளும் பேசி, மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையாகக் கடனைத் தீர்ப்பது என்று முடிவெடுத்தன. 2023 இல் தேயிலை போகத் தொடங்கியது. வங்கி மூடிய வழியைக் குவளை திறந்துவிட்டது.

அப்படியானால் ஒரே மொழி பேசும் தமிழ்நாட்டுக்கு நம் தேயிலை ஆறாக ஓடவேண்டுமே? ஓடவில்லை. இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் ஆண்டுக்கு 1 கோடி 50 இலட்சம் கிலோ தேயிலைக்குச் சலுகைத் தீர்வை உண்டு. அதில் சிறு பகுதிதான் பயன்பட்டு வந்திருக்கிறது. காரணம் சிக்கலானது இல்லை. தமிழ்நாட்டில் பால் தேநீர், மணித்தேயிலை. அதோடு அவர்களிடமே நீலகிரி இருக்கிறது. அந்த நீலகிரித் தேயிலையில் எங்கள் கையும் இருக்கிறது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3 இலட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது என்று பிரித்தது. அப்படித் தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 1968 இல் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. இன்று டான்டீ என்று அறியப்படுவது அது. ஒரே குடும்பத்தில் அக்கா பொகவந்தலாவையிலும் தங்கை கூடலூரிலும் கொழுந்து கிள்ளுகிறார்கள். ஒரே சரக்கைச் செய்யும் இருவர் ஒருவருக்கொருவர் என்ன விற்பார்கள்? மொழி எவ்வளவு நெருங்கி இருந்தாலும், கொடுக்க வேறு வேறு பொருள் இருந்தால்தான் வணிகம்.

அதனால்தான் தமிழ் உறவு தேயிலையில் ஓடாமல் வேறு வாய்க்கால்களில் ஓடுகிறது. சேலை, வெள்ளிக் குத்துவிளக்கு, பூசைச் சாமான், கோயில் கட்டும் ஸ்தபதி, மருத்துவத்துக்குச் சென்னைப் பயணம், படிப்பு, சினிமா. ஒரு காலத்தில் நாம் அங்கே ஏற்றுமதி செய்த பொருள் குரல். 1952 வாக்கில் இந்திய அரச வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு வீடுகள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பின. 1950 இல் தொடங்கியிருந்த வர்த்தக சேவைக்கு இந்திய விளம்பரங்கள் வந்தன. மொழியையே சரக்காக்கி அந்நியச் செலாவணி சம்பாதித்த காலம் அது. இன்று அந்த இடத்தில் சுற்றுலா வந்திருக்கிறது. 2024 இல் இந்தியாவிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், எந்த நாட்டையும்விட அதிகம். சீதா எலியவில் கோயிலுக்கு வருகிற தமிழ்நாட்டுக் குடும்பங்கள் வழிகாட்டியிடம் தமிழில் கேள்வி கேட்கின்றன. அந்த வழிகாட்டி தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பையனாக இருந்தால், அவன் மொழிக்கு முதல் தடவையாக ஒரு விலை கிடைக்கிறது.

முதலீட்டில் மொழியின் வேலை வேறு மாதிரி. சரக்கு வாங்குவது ஒருநாள் காரியம். முதலீடு என்பது இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பணத்தை இன்னொருவன் வீட்டில் வைப்பது. லூயிஜி குய்சோவும் அவருடைய இரண்டு சகாக்களும் 2009 இல் ஐரோப்பிய நாடுகளை ஆராய்ந்து, ஒரு நாட்டு மக்கள் இன்னொரு நாட்டவரை எவ்வளவு நம்புகிறார்கள் என்பது வணிகத்தையும் முதலீட்டையும் மாற்றுகிறது என்று காட்டினார்கள். ஆனால் இலங்கையில் தமிழ் உறவு முதலீட்டை எவ்வளவு இழுத்தது என்று பார்த்தால், சென்னைக் கம்பனிகள் உண்டு. அசோக் லேலண்ட் 1982 இலிருந்து இங்கே இருக்கிறது. தோட்டப் பாதைகளில் முக்கி முக்கி ஏறும் பஸ் அதுதான். ஹற்றன் நிலையத்தில் வரிசையாக நிற்கும் முச்சக்கரவண்டி மட்டும் பூனேக் கம்பனியுடையது. மராத்தி பேசுகிறவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. வண்டி மலிவு, உதிரிப்பாகம் கிடைக்கும், அவ்வளவுதான் காரணம். 1992 இல் அரசு தோட்டங்களைப் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்த பிறகு இந்தியாவின் டாடா நிறுவனம் வட்டவளைப் பெருந்தோட்டக் கம்பனியில் பங்கு எடுத்தது. அது தேயிலை தெரிந்ததால் வந்தது, தமிழால் இல்லை. பெரிய பணம் ஆங்கிலத்தில் பேசி, சட்டத்தைப் படித்து, துறைமுகத்தைப் பார்த்துத்தான் வருகிறது. சின்னப் பணம்தான் மொழியை நம்பி வருகிறது. சின்னப் பணத்துக்கு நாட்டின் கதவு எப்போதும் இறுகித்தான் இருந்திருக்கிறது.

1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோது வாக்கு மட்டும் போகவில்லை. கடவுச்சீட்டு இல்லாதவன் சரக்கு வாங்கக் கடல் தாண்ட முடியாது, வங்கியில் கடன் கேட்க முடியாது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி ரயில்பாதை அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. பேச்சு இருந்தது, பாதை இல்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில்தான் வந்தது. இந்தியர்கள் இங்கே கைபேசியிலிருந்து நேரே பணம் கட்டும் யூபிஐ வசதி 2024 பெப்ரவரியில். எங்கள் கடையில் அதற்கான கியூஆர் கட்டத்தை ஒட்டிவைத்த அன்று தங்கச்சி அதைப் படம்பிடித்து எல்லாருக்கும் அனுப்பினாள்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2011 இல் அப்பா ஒரு தீபாவளிச் சரக்குக்குத் தமிழ்நாட்டு வியாபாரி ஒருவரிடம் முழுப்பணத்தையும் முன்னாலேயே கொடுத்தார். எங்கள் பூர்வீக ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். நம் குலசாமி கோயிலுக்கு வருகிறவர். அப்பா ரசீது கேட்கவில்லை. “சொந்தக்காரன்கிட்ட சீட்டு எழுதி வாங்குறதா?” என்றார். சரக்கு வரவில்லை. நாலு மாதம் தொலைபேசி எடுக்கவில்லை. கடைசியில் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கோயில் திருவிழாவில் வைத்துப் பேசி, பாதிப் பணத்துக்குச் சேலையாகத் திரும்பியது. மீதி போனதுதான். மொழியையும் உறவையும் நம்பி ஏமாந்ததும் உண்மை. மொழியும் உறவும் இல்லாவிட்டால் அந்தப் பாதியும் வந்திராது என்பதும் உண்மை. கடல் தாண்டி ஒரு சின்னக் கடைக்காரன் எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? ஆனாலும் தங்கச்சி இப்போது இளம்பிள்ளைக்காரரிடம் அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே பில்லைக் கேட்டு வாங்குகிறாள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

மலையகத்தில் மொழிக்குப் பஞ்சமே இல்லை. பதுளையிலும் ஹற்றனிலும் கடைப் பையன்கள் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்தே தமிழா சிங்களமா என்று மாறிக்கொள்கிறார்கள். இன்னும் ஒரு மொழி இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போய்த் திரும்பிய பெண்களின் அரபு.

எங்கள் கடைக்குத் துணி எடுக்க வரும் ஒரு அக்கா குவைத்தில் பதினொரு ஆண்டு இருந்தவர். போன வருடம் அவரோடு நுவரெலியா வீதியில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு தேயிலை விற்பனை நிலையத்தில் இறங்கினோம். உள்ளே ஒரு அரபுக் குடும்பம். விற்பனைப் பையன் ஆங்கிலத்தில் உயர்நிலத் தேயிலையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான்; அந்த அம்மா கண்ணாடிக் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அக்கா இரண்டடி முன்னால் போய் அரபில் ஏதோ கேட்டார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு அக்கா பையனிடம் திரும்பி, “தம்பி, இதெல்லாம் அவங்களுக்குச் சாயம் பத்தாது. அடுப்புல வச்சுக் கொதிக்க விடுவாங்க, ஏலக்காயும் போடுவாங்க. கறுத்த நீட்டு இலை இருக்கா, கீழ்நாட்டுத் தேயில? அதக் காட்டுங்க. மேல்நாட்டுத் தேயிலய சின்னப் பெட்டியில குடுங்க, வீட்டுக்கு வர்றவங்களுக்குப் பரிசா குடுப்பாங்க” என்றார். அவர்கள் பெரிய பையாகவே வாங்கிப் போனார்கள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, குவைத் வீட்டில் எந்த நாட்டுத் தேயிலை வாங்கினார்கள் என்று கேட்டேன். “சிலோன் டீதான். பெட்டியில சிங்கம் போட்டிருக்கும். மொத நாள் அதப் பாத்ததும் அழுதுட்டேன்” என்றார். அப்புறம், அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தது, இலை எவ்வளவு நீளம், எஜமானி எத்தனை கரண்டி போடுவார், எந்த மாதத்தில் அதிகம் வாங்குவார்கள் என்று பஸ் வரும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.